பூலாங்காடு தொகுதியின் ஐந்து கற்கள்

முதல் கல் வந்தது மழைக்கு முன்பா, பின்பா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. ஓடைக்கரையில் குடியிருக்கும் குழந்தைவேலைக் கேட்டால் அவர் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்ப்பார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார். அதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்துபோகும். ஆகவே இதில் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். கற்கள் ஐந்து என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அவற்றின் மேல் நடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்தைத் தாண்டித் தார் ரோடு முடிந்து, மண் ரோடும் மனசு விட்டுப்போகிற இடத்தில் ஓர் ஓடை குறுக்கே வரும். அதற்கு அந்தப் பக்கம் அக்கரைக்காடு. கொஞ்சம் வீடுகள், கொஞ்சம் காப்பி, பலா மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, மேட்டில் சாமை. கோடையில் அந்த ஓடையைக் கோழிகூடத் தாண்டும். ஐப்பசியில் ஆனை வந்தாலும் யோசிக்கும்.

அக்கரைக்காடு ஒரு காலத்தில் பூலாங்காடு சட்டமன்றத் தொகுதியில் இருந்தது. மலையில் ஒரு பாதியையும் அடிவாரத்துக்குக் கீழே சமவெளியில் ஒரு துண்டையும் சேர்த்து யாரோ வரைபடத்தில் கோடு போட்டதில் பிறந்த தொகுதி அது. கோடு போட்டவர் மலையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. வரைபடத்தில் மலை தட்டையாகத்தான் இருக்கும்.

தேர்தல் முடிந்ததும் ஜெயித்தவர் மேலே வருவார். ஓடைக்கரையில் பந்தல் போடுவார்கள். ‘ஓடைப் பாலத்துக்கு அடிக்கல்’ என்று தன் பெயரோடு பொறித்து, பளபளவென்று இழைத்த ஒரு பலகைக் கல்லை நட்டு, தேங்காய் உடைத்து, மலை மக்களின் கள்ளமற்ற உள்ளத்தைப் பாராட்டிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். அப்புறம் அடுத்த தேர்தல்வரை அந்தக் கல்தான் தொகுதி.

இரண்டாவது கல் வந்தபோதுதான் ஊருக்கு விஷயம் விளங்கியது. அரசாங்கம் பாலத்தைத் தவணையில் கொடுக்கிறது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மலைமேல் எல்லாமே அப்படித்தான் வந்திருக்கிறது. மின்கம்பம் ஒரு வருஷம் வந்தது. கம்பி இன்னொரு வருஷம் வந்தது. மின்சாரம் அதற்கெல்லாம் அப்புறம், கம்பத்தை எல்லோரும் மறந்துபோன பிறகு வந்தது. பாலம் மட்டும் ஒரே மூச்சில் வந்துவிடுமா? வந்ததை வந்தபடி போட்டுவைப்போம் என்று குழந்தைவேலின் அப்பா முன்னே நின்றார். ஊர் கூடி இரண்டு கற்களையும் பிடுங்கி, ஓடைக்குள் நின்ற பாறைகளின் மேல், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எட்டும்படி கிடத்தியது. இழைத்த பக்கம் ஈரத்தில் வழுக்கும் என்பதால் அதைக் கீழே கவிழ்த்து, சொரசொரப்பான முதுகை மேலே வைத்தார்கள். அடுத்த எம்.எல்.ஏ. வந்து பழைய கற்களைக் காணோமே என்று கேட்கவில்லை. அவருக்கு அவருடைய கல் இருந்தது.

இப்படி ஐந்து தேர்தலில் ஐந்து கற்கள் விழுந்தன. இன்னும் ஒரே ஓர் இடைவெளிதான் பாக்கி. ஆறாவது கல் வந்தால் பாலம் முடிந்தது.

அந்த நேரத்தில் தொகுதிகளை மறுசீரமைத்தார்கள். பூலாங்காடு கலைக்கப்பட்டது.

எங்கோ ஒரு கட்டடத்தில் ஒரு வரியில் எழுதப்பட்ட சேதி அது. அக்கரைக்காட்டில் அதைத் துக்கச் சேதிபோல வாங்கிக்கொண்டார்கள். “இன்னும் ஒரே ஒரு எலெக்சன் இருந்திருந்தாப் போதுமுங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். பேசாமல் இருந்தவர் குழந்தைவேல் ஒருவர்தான். அவர் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டி, கடைசி இடைவெளியில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

வருஷங்கள் போயின. ஓக் மரம் உளுத்துப்போகும்போதெல்லாம் மாற்றினார்கள். கற்கள் அப்படியே கிடந்தன.

*

இந்த வருஷம் ஆடியில் குழந்தைவேலின் மகள் கவிப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கட்டிக்கொடுத்தது கிளியூரில். அவளுக்கு ஐப்பசியில் நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராசம்மாள் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஓடையைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் எதிர்க்கரை வரைக்கும்தான் வரும். கவிப்பிரியாவையே ராசம்மாள் பெற்றெடுத்தது, கற்கள் பாதிதான் சேர்ந்திருந்த காலத்தில், வெள்ளம் வடியட்டும் என்று இந்தக் கரையில் கொட்டும் மழையில் காத்திருந்தபோது. அதை அவள் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை.

“பாலந்தான் இருக்குதுல்ல” என்றாள் கணவனிடம்.

குழந்தைவேல் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஆமாம் என்று பொருள்.

ஆவணியில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் ஜெயபிரகாஷ். முன்னாள் தொகுதிகள் வரலாற்று மீட்புத் திட்டத்தில் பூலாங்காடு முன்னாள் தொகுதியின் இந்நாள் சிறப்பு அலுவலர். ஏற்காட்டில் பூட்டிக்கிடந்த ஒரு பழைய பங்களாவில் அவருக்கு அலுவலகம் கொடுத்திருந்தார்கள். தனியாக இருக்கும்போதும் மேடையில் இருப்பதுபோலப் பேசுகிறவர்.

“இருக்கிற தொகுதியில் வேலை பார்ப்பது எளிது” என்றார், டீ கொடுத்த ராசம்மாளிடம். “ஆனால் அங்கே மக்கள் இருப்பார்கள். மனு கொடுப்பார்கள். என்னுடைய தொகுதியைப் பாருங்கள். ஒரு வாக்காளர் கிடையாது. ஆகவே ஒரு குறை கிடையாது. குறையே இல்லாத நிர்வாகத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.”

“நல்லதுங்க” என்றாள் ராசம்மாள். “டீயில சக்கரை போதுங்களா?”

தொகுதியின் வரலாற்றுச் சின்னங்கள் எங்கே இருக்கின்றன என்று விசாரித்தபடி அவர் மலை முழுக்கச் சுற்றியிருக்கிறார். எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து பேர் ஆண்ட தொகுதியில் அவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. ஓடை ஓரம் வந்தவர் கால் கழுவக் குனிந்தார். குனிந்தபடியே நின்றுவிட்டார். தெளிந்த தண்ணீரில் கல்லின் அடிப்பக்கம் நிழலாகத் தெரிந்தது. அதில் தலைகீழாக ‘மாண்புமிகு’ என்று எழுதியிருந்தது.

அடுத்து நடந்ததை ஆரோக்கியதாஸ்தான் நன்றாகச் சொல்வார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருப்பவர், குழந்தைவேலுக்குப் பக்கத்து வீடு. சிறப்பு அலுவலர் முழங்கால் தண்ணீரில் மல்லாந்து, ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் மூக்கை நுழைத்து, ஐந்து பேருடைய பெயரையும் சத்தமாக வாசித்தாராம். மேலே ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள், ஓடைக்குள்ளிருந்து மந்திரம் கேட்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

வெளியே வந்தவர் நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரினாலும் கோபத்தினாலும்.

“மக்கள் பிரதிநிதிகளின் பெயர்களை இத்தனை வருஷமாக மிதித்திருக்கிறீர்கள்!”

“இல்லீங்க” என்றார் ஆரோக்கியதாஸ். “முதுகைத்தான் மிதிச்சோம். பேரெல்லாம் தண்ணிதான் பாத்துட்டுப் போவுது.”

“ஏன் கவிழ்த்துப் போட்டீர்கள்?”

எல்லோரும் குழந்தைவேலைப் பார்த்தார்கள். அவர் யோசித்தார். ஒரு மைனா வந்து உட்கார்ந்து, அலுத்து, பறந்துபோனது.

“வழுக்குமுங்க” என்றார்.

*

மறுநாள் கற்களைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ‘பாதுகாக்கப்பட்ட தொகுதி எச்சம்’ என்று ஒரு தகரப் பலகை நின்றது. அதற்கு அடுத்த நாள், ஊரார் கடந்துபோகாமல் இருக்க முடியாது என்பதைக் கருணையுடன் உணர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்றார்கள். அதுவும் முன்னாள் உறுப்பினர்களின் பதவி வரிசைப்படி, முதல் கல்லிலிருந்துதான் ஏற வேண்டும். முதல் கல் அக்கரைக்காட்டுப் பக்கம் இருந்தது. ஆகவே ஊரைவிட்டு வெளியே போகலாம். திரும்பி வருவதற்கு விதியில் இடமில்லை.

பஸ்ஸுக்குப் போன ஆரோக்கியதாஸ் எதிர்க்கரையில் சாயங்காலம் வரை நின்றுகொண்டிருந்தார். அங்கே காவலுக்கு இருந்தவர், “சார்கிட்டக் கேட்டுத்தானுங்க விடோணும். எனக்கு வரலாறெல்லாம் தெரியாதுங்க” என்றார். கடைசியில் ஆரோக்கியதாஸ் முதுகைத் திருப்பி, பின்பக்கமாக நடந்தே ஊருக்கு வந்து சேர்ந்தார். முகம் வெளியே போகிற திசையில் இருந்ததால் காவலர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் ஊரே அப்படித்தான் வீடு திரும்பியது.

கவிப்பிரியா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏனுங்கம்மா, ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளையோட வர்றப்பவும் நான் பின்னாலயே நடக்கோணுமா?”

“வாயை மூடு கண்ணு” என்றாள் ராசம்மாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது. புரட்டாசி பிறந்ததும் ஒரு கூட்டம் ஆட்கள் வந்து ஐந்து கற்களையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். பாதுகாப்பாக வைப்பதற்காம். அந்த வேகத்தில் ஓக் மரமும் உருண்டு தண்ணீரோடு போனது.

குழந்தைவேல் கரையில் நின்றார். பாறைகள் மட்டும் பல்லுப்போன வாய்போல நின்றன. மேலே சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது.

*

ஏற்காட்டு பங்களாவில் பூலாங்காடு தொகுதி நினைவகம் திறக்கப்பட்டபோது குழந்தைவேலையும் ராசம்மாளையும் ஆரோக்கியதாஸையும் கூப்பிட்டிருந்தார்கள். கற்களைப் பல தலைமுறையாகப் பாதுகாத்த குடும்பம் என்று குழந்தைவேலுக்குப் பொன்னாடை. அவர் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

அங்கே நீலத்தில் ஒரு நீளமான கம்பளம் விரித்திருந்தார்கள். அதுதான் ஓடை. அதன்மேல் சிமென்ட்டில் செய்த பாறைகள். பாறைகளின் மேல் ஐந்து கற்களும், இந்த முறை பெயர்கள் மேலே தெரியும்படி. கடைசி இடைவெளியில் புதிதாக ஒரு சில்வர் ஓக் மரம்கூட இருந்தது, வார்னிஷ் அடித்து. பாலம் அச்சு அசலாக இருந்தது. ஓடைதான் இல்லை.

“மிதிக்காதீர்கள்” என்று எழுதியிருந்தது.

ஜெயபிரகாஷ் பேசினார். “பூலாங்காடு இருந்தவரை ஒரு திட்டம்கூடக் கைவிடப்பட்டதில்லை. ஏனென்றால், தொடங்கினால்தானே கைவிட முடியும்? ஒரு பாலத்துக்காக ஐந்து முறை அடிக்கல் நாட்டினார்கள் என்றால் அந்தப் பாலத்தின்மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! கட்டியிருந்தால் ஒரே ஆண்டில் மறந்திருப்பார்கள்.” கைதட்டல் கேட்டது.

எல்லாம் முடிந்து டீ கொடுக்கும்போது மூவரும் அவருடைய அறைக்குப் போனார்கள்.

“கல்லைத் திருப்பிக் குடுத்துட்டா நல்லா இருக்குமுங்க சார்” என்றார் ஆரோக்கியதாஸ். “புள்ளைக்கு ஐப்பசியில நாளு. ஓடையத் தாண்டோணும்.”

“பாலம் வேண்டுமென்றால் நீங்கள் இப்போது இருக்கிற தொகுதியில் கேட்க வேண்டும்.”

“கேட்டமுங்க. பழைய தொகுதியிலயே அஞ்சு தடவ ஆரம்பிச்ச வேலையாம். அங்க முடிஞ்சாத்தான் இங்க ஆரம்பிக்க முடியுமாம்.”

“சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்” என்று பெருமூச்சு விட்டார் ஜெயபிரகாஷ். “என்னிடம் பாலம் கட்ட அதிகாரமில்லை. கல் நாட்ட மட்டும்தான் அதிகாரம். ‘இவ்விடத்தில் அடிக்கற்கள் இருந்தன’ என்று ஓடைக்கரையில் ஒரு நினைவுக்கல் நாட்டலாம். சிறியதாக.”

குழந்தைவேல் அவரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் பழகியிருக்கும்; கூச்சல், கோஷம், கெஞ்சல் எதற்கும் அவர்களிடம் பதில் இருக்கும். எதிரே ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

“ரொம்பச் சிறியதாக இல்லை” என்றார் ஜெயபிரகாஷ். “என் பெயர் வர வேண்டும். மேலதிகாரியின் பெயரும்.”

குழந்தைவேல் பேசவில்லை.

“திட்டக் குழுவினர் இருக்கிறார்கள். ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.”

ராசம்மாள் புருஷனை ஒரு தரம் பார்த்தாள். ஒடிந்து உட்கார்ந்திருந்த அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஏனுங்க சார், பேரையெல்லாம் ஒருத்தருக்குக் கீழ ஒருத்தருன்னு போட்டா, கீழ இருக்கறவிய மனசு சங்கடப்படாதுங்களா?”

ஜெயபிரகாஷ் திடுக்கிட்டார். போன திட்டத்தில் அப்படி ஒரு சங்கடத்தில்தான் அவரை இந்தத் தொகுதிக்கு அனுப்பியிருந்தார்கள்.

“ஒரே வரிசையாப் போட்டுட்டா எல்லாரும் சமமுங்க” என்றாள் ராசம்மாள்.

“ஒரே வரிசை என்றால் கல் நீளமாகும்.”

“ஆவுட்டுமுங்க. பெரிய மனுசங்க பேரு. எழுத்தும் சின்னதா இருந்தா மரியாதையா இருக்காதுங்க. அக்கரையில நின்னு பாத்தாலும் தெரியோணும்.”

“அம்மா சொல்வது சரி.”

“கனமும் வேணுமுங்க சார்” என்று ஆரோக்கியதாஸ் சேர்ந்துகொண்டார். அவருக்கும் இப்போது விளங்கிவிட்டது. “சன்னமா இருந்தா மாடு முட்டுனா ரெண்டாப் போயிரும். மாண்புமிகு ஒருபக்கம், பேரு ஒருபக்கம்னு கெடந்தா நல்லாவா இருக்கும்?”

ஜெயபிரகாஷின் கண் கலங்கிவிட்டது. இந்த மலையில் தன் வேலையைப் புரிந்துகொண்ட மூன்று பேரை அவர் அப்போதுதான் பார்த்தார்.

*

கல் வந்தது. இரண்டு ஆள் நீளம், ஒரு முழம் கனம். லாரி செம்மநத்தம் வளைவில் திரும்பவில்லை. அக்கரைக்காட்டார் ஒருவரும் சொல்லாமலே ஒன்றுகூடி, உருளைக்கட்டை போட்டு, வடம் கட்டி இழுத்துவந்தார்கள். மக்களின் தன்னெழுச்சியைக் கண்டு ஜெயபிரகாஷ் அங்கேயே ஒரு தடவை பேசினார். கரையில் எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டபோது, ஓடை குறுகி இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே போகிற இடத்தை ராசம்மாள் காட்டினாள். “அங்கதானுங்க நல்லாத் தெரியும்.”

திறப்பு விழா நடந்தது. தேங்காய் உடைந்தது. ஜீப் இறங்கிப்போனது. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஊர் முழுக்கக் கடப்பாரையோடு கரையில் நின்றது. கல்லை நெம்பி, பாறைமேல் ஏற்றி, மூங்கில் பரப்பி, இஞ்சு இஞ்சாகத் தள்ளினார்கள். ஓடை செம்மண் நிறத்தில் கத்திக்கொண்டு போனது. முனை எதிர்ப்பாறைக்கு வந்தது. ஒரு கை அளவு தாண்டியும் கிடந்தது. அந்த உபரி, ஆலோசகர்களின் பட்டங்களால் கிடைத்தது.

குழந்தைவேல் அன்று ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

“கவுத்துப் போடுங்க.”

கவிப்பிரியாவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். மழை இடைவிடாமல் கொட்டியது. பழைய பாறைகள் எல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தன. எதிர்க்கரையில் ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ராசம்மாள் மகளின் ஒரு கையையும், குழந்தைவேல் மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். கல் அசையவில்லை. நடுவில் வந்ததும் கவிப்பிரியா ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினாள்.

“பயமா இருக்குதா சாமி?” என்றார் குழந்தைவேல்.

“இல்லீங்கப்பா. கீழ எத்தன பேரு தாங்கறாங்க.”

எதிர்க்கரையில் காத்திருந்த நர்ஸ் ரூபி, இப்படி ஒரு பாலம் எப்போது வந்தது என்று கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

கார்த்திகையில் ஜெயபிரகாஷ் ஆய்வுக்கு வந்தார். கரை நெடுகத் தேடினார். பிறகு ஓடையின் நடுவே போய் நின்று, இரண்டு பக்கமும் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

“கல்லைக் காணோமே!”

ஊர் குழந்தைவேலைப் பார்த்தது. குழந்தைவேல் அவருடைய கால்களைப் பார்த்தார். அவை கல்லின்மேல் நன்றாக ஊன்றியிருந்தன.

“வெள்ளம்” என்றார் ஜெயபிரகாஷ், தானாகவே. “வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது. இன்னொன்று நாட்டிவிடலாம்.”

“நொம்ப நல்லதுங்க” என்றாள் ராசம்மாள். “போன தடவ சில பேரோட பேரு விட்டுப்போச்சாமுங்க. இந்தத் தடவ அவியளையும் சேத்துக்குங்க. இதுக்குப் பக்கத்துலயே வெச்சரலாம்.”

இப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். கவிப்பிரியா பெண் குழந்தையோடு கிளியூருக்குப் போய்விட்டாள். பின்பக்கமாக நடக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயபிரகாஷுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இன்னும் மூன்று கலைக்கப்பட்ட தொகுதிகளை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆரோக்கியதாஸ் எஸ்டேட்டில் ரைட்டராகவே இருக்கிறார். நினைவகத்தில் கூரை ஒழுகி நீலக் கம்பளத்தில் தண்ணீர் நிற்கிறது. துடைக்க வருகிற பெண் கற்களின் மேல் ஏறித்தான் கூடத்தைக் கடக்கிறாள். ஓடைக்கரைக்கு இரண்டாவது நினைவுக்கல்லுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அது வந்ததும் பக்கத்தில் போட்டால் மிளகு மூட்டையோடு டிராக்டர் போகும் என்று ராசம்மாள் சொல்கிறாள். அக்கரைக்காட்டுக்கு இதுவரை பாலம் கிடையாது என்றுதான் எல்லா அலுவலகத்திலும் சொல்கிறார்கள். குழந்தைவேல் அதை மறுப்பதில்லை. தினமும் காலையில் அதன்மேல் நடந்து டீ குடிக்கப் போகிறார்.